இரண்டாம் பிரிவில் இருந்த கிளை

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால், நாகலாபுரம் மலைகளின் அடிவாரத்தில் மாந்தோப்புகள் முடியும் இடத்திலிருந்து ஒரு மாட்டுத்தடம் மேலே ஏறுகிறது. காப்புக்காட்டின் எல்லைக் கற்களுக்கு வெளியிலேயே சுற்றி, ஒரு சுனையைத் தொட்டு, செம்பாறைகளுக்கு நடுவே இறங்கி, கிளம்பிய தோப்புக்கே வந்து சேரும். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம், அதில் பாதிக்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. இறங்குவதற்கு இருபத்தைந்து நிமிடம். இரண்டு ஆண்டுகளில் நாங்கள் மூன்று பேர் அங்கே ஐந்து முறை போனோம். ஐந்தாவது முறை, பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு போகவில்லை.

மூவரில் மூத்தவர் முத்தாபுதுப்பேட்டைக்காரர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிள்களை ஏற்றிப்போவது அவருடைய வேனில்தான். இரண்டாமவர் கரையான்சாவடியில் குடியிருப்பவர். அவரை நாங்கள் பாய் என்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் இரும்புத் துண்டுகளைத் தேய்த்து அளவாக்கும் கிரைண்டிங் மெஷின் ஓட்டினார். மூன்றாவது நான். பாரிவாக்கத்தில் எங்கள் குடும்பத்து நிலம் மனைகளாகி மூன்று தெருக்களாக நிற்கிறது. நான் அம்பத்தூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆவண அறையில் இருக்கிறேன். எந்த மருந்து, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் கையால் கலக்கப்பட்டது என்று எழுதியிருப்பதைச் சரிபார்ப்பது என் வேலை. அந்தப் பழக்கம் விடுமுறை நாளிலும் விடாது. முதுகுப் பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். கிளம்பிய நேரம், டயரின் காற்று, எந்தப் பாறையில் யார் காலை ஊன்றினார், சுனையில் தண்ணீர் எந்தக் கல் வரை என்று எல்லாவற்றையும் குறித்துவைப்பேன்.

“இன்னா மச்சான், நாங்க மூச்சு வுட்டதையும் எழுதிட்டியா?” என்று பாய் கேட்பார்.

“அவன் எழுதறது எழுதட்டும்பா. நாளைக்கு நாம எங்க கீறோம்னு நமக்கே தெரியலன்னா அவன் நோட்டைத்தான் பாக்கணும்” என்பார் விமானப்படைக்காரர்.

பாயின் வேலை கண்ணால் செய்யும் வேலை. ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அவர் பட்டறையில் அந்தத் துண்டு கழிவுப் பெட்டிக்குப் போய்விடும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, “இது தேறாது” என்பாராம். முதலாளியே அவர் சொன்ன பிறகு அளந்து பார்ப்பதில்லை என்று கேள்வி. சைக்கிளிலும் அதே கண்தான்.

“உன் பின் வீலு ஆடுது மச்சான்.”

“ஆடலையே பாய், நேத்துதான் சரி பண்ணேன்.”

“அரை மில்லி ஆடுது. உனுக்குத் தெரியாது. நீ பேப்பர் பாக்குற ஆளு.”

கடையில் வைத்துப் பார்த்தால் ஆடும்.

அந்தத் தடத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாதை இரண்டாகப் பிரியும் இடங்களில், முன்னால் போகிறவர் தவறான பக்கத்தின் குறுக்கே ஒரு பச்சைக் கிளையை ஒடித்துப் போட்டு, மேலே ஒரு கல்லை வைப்பார். பின்னால் வருகிறவர்கள் கிளை இல்லாத பக்கம் போக வேண்டும். கடைசியாக வருகிறவர் கிளையை எடுத்துப் புதரில் எறிந்துவிட வேண்டும். எடுத்துவிட வேண்டும் என்பது நாங்களாக யோசித்தது அல்ல. முதல் முறை போனபோது அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் ஒருவர் எங்களை நிறுத்திச் சொன்னார். “சாமி, மேல எந்தக் குறியும் வுட்டுட்டு வராதீங்க. செம்மரம் வெட்றவன் வெச்ச குறின்னு நெனச்சி எங்களத்தான் கூப்ட்டுக் கேப்பாங்க. நீங்க வண்டி ஏறிப் பூடுவீங்க, நாங்க இங்கதான இருக்கணும்.” அன்றிலிருந்து நாங்கள் அந்தக் காட்டில் ஒரு மிட்டாய்த் தாளைக்கூட விட்டதில்லை.

முதலில் விமானப்படைக்காரர், நடுவில் பாய், கடைசியில் நான். ஐந்து முறையும் இதே வரிசை. நான் மெதுவாக ஓட்டுகிறவன், நின்று நின்று எழுதுகிறவன், ஆகவே கிளையை எடுக்கும் வேலை எனக்கு. தொழிற்சாலையில் செய்வதைப் போலவே அதைச் செய்தேன். கல்லை உருட்டிவிடுவேன், கிளையை எடுத்து எறிவேன், நோட்டில் நேரம் குறிப்பேன், ஏறிக்கொள்வேன்.

அந்த ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தினோம். பனி விலகவில்லை. மழைக்காலம் நன்றாகப் பெய்திருந்ததால் மலை அடையாளம் தெரியாதபடி பச்சையாக மாறியிருந்தது. வழக்கமாகச் சிவந்து தெரியும் பாறைகளின் இடுக்குகளில் எல்லாம் புல். சுனை நிறைந்து, ஒரு ஓரம் வழிந்துகொண்டிருந்தது. ஏறி முடிக்க ஒன்பது மணி ஆனது. உச்சியில் நின்று பார்த்தபோது தெற்கே ஏரிகள் ஒவ்வொன்றாக வெயிலில் மின்னின. பாய் பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். மூன்று பேரும் கொட்டைகளைத் துப்பாமல் பையிலேயே போட்டுக்கொண்டோம்.

இறங்கும்போது முதல் பிரிவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதற்குக் கீழே சுனையை ஒட்டி வரும்போது பாய் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீர் அருகே குந்தியிருந்தார். பின் பிரேக்கில் சேறு புகுந்து கத்திக்கொண்டிருந்தது, கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், நிக்கவா?”

“நீ போ மச்சான், ரெண்டு நிமிசம். இந்த சனியன் கத்துற கத்துல காட்டுல கீற கரடியெல்லாம் வந்துரும். நீ போ, நான் புடிச்சிடுவேன் உன்ன.”

நான் போனேன். அவர் பின்னால் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது இருபத்தெட்டுக்கு இரண்டாம் பிரிவை அடைந்தேன். இடது பக்கம் கிளை கிடந்தது, மேலே கல். இறங்கினேன். கல்லை உருட்டினேன். கிளையை எடுத்துப் புதரில் எறிந்தேன். நேரம் குறித்தேன். ஏறிக்கொண்டேன்.

இதை இத்தனை நாளில் பலமுறை யோசித்துவிட்டேன். அந்தக் கணத்தில் நான் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தேனா, அவசரத்தில் இருந்தேனா என்று. ஒன்றும் இல்லை. எப்போதும் செய்வதைச் செய்தேன், அவ்வளவுதான். கடைசி ஆள் நான்தான் என்பது கைக்குப் பழகியிருந்தது. அன்று நான் கடைசி ஆள் இல்லை என்பதை யாரும் கைக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் பிரிவில் பார்ப்பதற்கு நல்ல பாதை இடதுதான். முப்பது அடி தூரம் மண் மெத்தென்று, கற்களே இல்லாமல் ஓடும். பிறகு ஒரு புதர் வளைவு. வளைவுக்கு அப்பால் பாதை கிடையாது. பாறை விளிம்பு, அதற்குக் கீழே இரண்டு ஆள் உயரத்தில் ஓடையின் உருண்டைக் கற்கள். ஐந்து முறை போயும் பின்னால் வரும் எங்கள் இருவருக்கும் அந்த இடம் மனதில் பதியவில்லை. கிளை இல்லாத பக்கம் போவது என்று ஆனபிறகு பாதையை நினைவில் வைக்கும் தேவை இல்லாமல் போயிருந்தது. மழைக்குப் பிறகு இரு பக்கமும் ஒரே பச்சை வேறு.

கீழே திருப்பத்தில் விமானப்படைக்காரர் காத்திருந்தார். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றோம். பத்து நிமிடம் ஆனதும் அவர் விசிலடித்துப் பார்த்தார். பதில் இல்லை. எனக்கு அப்போதுதான் புதரில் எறிந்த கிளை நினைவுக்கு வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் ஏற முடியும். நான் முன்னால் போய்விட்டேன்.

பாய் ஓடைக்கற்களுக்கு நடுவே சாய்ந்து கிடந்தார். வலது தொடை இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. நினைவு இருந்தது.

“கிளையே இல்லியே மச்சான்” என்றார் முதலில்.

அதற்குள் மேலே வந்து சேர்ந்த விமானப்படைக்காரர் விளிம்பிலிருந்து குனிந்து, “வெச்சேனே பாய்! கல்லு கூட வெச்சேனே! எப்டி பாக்காம வந்த?” என்று கத்தினார். பிறகு என்னிடம், “நீ வரும்போது இருந்துச்சா?” என்றார்.

“இருந்துச்சு” என்றேன்.

அது உண்மை. நான் வந்தபோது இருந்தது.

“இப்ப காணோமே, நீ எடுத்துட்டியா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். ‘இப்போது, மேலே ஓடிவரும்போது எடுத்தாயா’ என்று அவர் கேட்டதாக நினைத்துத்தான் தலையாட்டினேன் என்று பின்னாளில் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று தெரிந்து தலையாட்டினேன்.

ஆடு மேய்ப்பவரும் இன்னும் மூன்று பேரும் கயிற்றுக் கட்டில் கொண்டுவந்து அவரைத் தூக்கினார்கள். தோப்புக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரம். வழி முழுவதும் பாய் வலியில் முனகவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். “பச்சைக் கிளையா? பெருசா? நான் எப்டி பாக்கல?” வேனில் அவர் தலை என் மடியில் இருந்தது. ஊத்துக்கோட்டையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு திருநின்றவூரில். ஆபரேஷன் முடியட்டும் என்று பிறகு நினைத்தேன். நோட்டில் அன்றைய பக்கத்தில், ‘9.28. இரண்டாம் பிரிவு. கிளை இருந்தது’ என்று எழுதியிருந்தேன். அதற்கடுத்த வரி எழுதப்படவில்லை. மருத்துவமனையில் பாய் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்த வரியை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தொடையில் கம்பி வைத்தார்கள். எலும்பு ஒழுங்காகக் கூடியது. சித்திரையில் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார், சிறிய நொண்டல். மணிக்கட்டும் தேறியது. எல்லாரும் கண்டம் தப்பியது என்றார்கள். வைகாசியில் அவர் வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம் அவர் மனைவி எனக்கு போன் செய்தார்.

“அண்ணே, அவரு மிசின வேணாம்னுட்டாரு. ஸ்டோர்ல உக்காந்து சாமான் எடுத்துக் குடுக்கறேன்னு மொதலாளிகிட்ட அவரே கேட்டு வாங்கிகினாரு. நீங்க கொஞ்சம் வந்து பேசுங்கண்ணே.”

போனேன். பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சாதாரணமாகச் சொன்னார். மெஷினில் நின்றதும் ஒரே துண்டை மூன்று முறை, நான்கு முறை அளக்க வேண்டியிருக்கிறதாம். சரியாகத்தான் காட்டுகிறதாம். ஆனாலும் நம்ப முடியவில்லையாம். நல்ல துண்டுகள் பதினெட்டைக் கழிவில் போட்டிருக்கிறார்.

“கண் டாக்டராண்ட போனேன் மச்சான். கண்ணு பஸ்ட் கிளாஸா கீதாம். அப்ப இன்னா அர்த்தம்? கண்ணு பாக்குது, உள்ள போய்ச் சேரல. முப்பது அடிக்கு முன்னால அவ்ளோ பெரிய பச்சைக் கிளை, அதுக்கு மேல கல்லு. நீ பாத்துகிற, அண்ணாத்தே வெச்சிகிறாரு. நான் பாக்கல. அப்ப நான் இத்தினி நாளா பாஸ் பண்ணி அனுப்புன துண்டுங்கள்லாம்? ஏதோ வண்டியில, ஏதோ மிசின்ல ஓடிகினு கீது.”

அன்று சொல்லியிருக்க வேண்டும். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆவணியில் தலைக்கு ஸ்கேன் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். எங்காவது சின்ன அடைப்பு இருக்கும் என்று பாயே சொல்லி, டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தார். துணைக்கு என்னை வரச் சொன்னார்கள். பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் நிலையத்தில், செவ்வாய்க்கிழமை காலை, சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பாய் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து, இடுப்பு பெல்ட்டையும் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தயாராக இருந்தார். அவருடைய எண்ணுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

“பாய், கிளைய நான்தான் எடுத்தேன்” என்றேன்.

“எடுக்கறது நீதான?”

“நீ வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். நீ சுனைக்கிட்ட இருந்த. மறந்து, பழக்கத்துல எடுத்து எறிஞ்சிட்டேன். நீ வரும்போது அங்க கிளை இல்ல. நீ பாத்தது சரி. உனக்கு ஒண்ணும் இல்ல பாய்.”

அவர் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். பாய் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தொடையில் இரண்டு தட்டு தட்டினார். சிரித்தார்.

“நல்லவன்டா நீ.”

“பாய், நிஜமா சொல்றேன்.”

“மச்சான், நான் உள்ள போறேன், எனுக்கு பயமா கீது, ஒத்துக்கறேன். அதுக்காக நீ பழிய தூக்கித் தலைல போட்டுக்காத. ஏழு மாசம் கழிச்சு, ஸ்கேன் ரூம் வாசல்ல ஞாபகம் வருதா உனுக்கு? நீயா மறக்கற ஆளு? பேரீச்சங்கொட்டை எத்தினின்னு எழுதி வெச்சவன் நீ.”

“எழுதல. அதான் தப்பு. வேணும்னே எழுதல.”

“நீ எழுதுனத நான் படிச்சேன். ‘கிளை இருந்தது.’ உன் கையெழுத்து. போதும், வுடு.”

அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடியதும் அவர் மனைவி கேட்டார், “நெசமாண்ணே?”

“நிஜம்தாம்மா.”

அவர் பெல்ட்டைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தார். ஜிப்பை இழுத்தார். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றார், கோபமில்லாத குரலில். அதன் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசுவது குறைந்துவிட்டது. தேநீர் மட்டும் இன்றும் தருகிறார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பாய்க்கு அது ஆறுதலாக இல்லை. கருவியில் தெரியாத பழுதுதான் மோசமானது என்றார்.

அன்று மதியமே முத்தாபுதுப்பேட்டைக்குப் போய் விமானப்படைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினார். “நான் உன்ன கேட்டேனேப்பா, நேருக்கு நேரா கேட்டேனே” என்றார். மறுநாள் அவராகவே கரையான்சாவடிக்குப் போனார். பாய் அவரையும் சிரித்துத்தான் அனுப்பினாராம். “ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு வந்துகிறீங்களா அண்ணாத்தே? ஒருத்தன் நேத்து, ஒருத்தர் இன்னிக்கி. நல்லா ஷிப்ட் போட்டு வரீங்க.” விமானப்படைக்காரர் பாய் வீட்டுக்கு இன்றும் போகிறார். என் போனை எடுப்பதில்லை.

எழுதினால் நம்புவார் என்று நினைத்தேன். நடந்ததை ஒரு முழுப் பக்கத்தில், நேரத்தோடு எழுதி, கையெழுத்திட்டு அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போடாமலே படித்தார். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பிறகு கேட்டார், “பழைய நோட்டுல வேற மாதிரி கீதே மச்சான். எது மொதல்ல எழுதுனது?”

“அதுதான் முதல்ல. ஆனா அது முழுசு இல்ல.”

“எங்க பட்டறையில ஒரு துண்ட சூட்டோட அளக்கக்கூடாது. ஆறவெச்சி ஒருதரம் அளக்கணும், அத எழுதணும். அதுக்கப்புறம் தப்புன்னு தோணுதேன்னு மறுபடி மறுபடி அளந்தா, நமக்கு வேணுங்கிற அளவு வந்துடும். மொதல்ல எடுத்த அளவுதான் அளவு.” காகிதத்தை நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். “உன் மனசு எனுக்குத் தெரியும். இத்தோட வுட்ரு, இன்னா?”

என் பொய்யை அவர் எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு வழி தெரியவில்லை. நான் எப்போதும் சரியாகத்தான் எழுதுவேன் என்று அவரை நம்பவைத்தது நான்தானே.

அவர் இப்போதும் ஸ்டோரில்தான் இருக்கிறார். அவருடைய மெஷினில் வேறு ஒருவர் நிற்கிறார். சைக்கிளை மனைவியின் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால், வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேநீர்க் கடைக்கு என்னை அழைத்துக்கொண்டு கிளம்புவார். நொண்டல் அதிகம் தெரிவதில்லை. என்னைவிட வேகமாகவே நடப்பார். கரையான்சாவடி சாலை ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார்.

போன ஞாயிறும் அப்படித்தான். சிக்னல் விழுந்து, மெட்ரோ தூண்கள் வரை ஒரு வண்டியும் இல்லை.

“வண்டி வருதா மச்சான்?”

சாலை காலியாக இருந்தது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

“வரல பாய். வா.”

அவர் என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவைத்தார்.